ஜெர்மனில் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதும் பதில் சொல்வதும்

கொங்குமலர்:
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்த மாதம் தேர்வு. கணவர் பதினொரு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார், ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிவிட்டார், நான் அங்கே போக விசாவுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். பேச்சுத் தேர்வில் முதலில் நம்மை நாமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் அல்லவா, அதில் ‘வோஹேர் கொமென் ஸீ?’, அதாவது எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் தடுமாறுகிறேன்.

நேற்று வகுப்பில் ‘இஹ் கொமெ ஃபொன் பொள்ளாச்சி’ என்றேன். ஆசிரியை ‘ஃபொன்’ இல்லை, ‘அவுஸ்’ என்று திருத்தினார். சரி என்று எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் தாமதமாக வந்தான், அவனிடமும் எங்கிருந்து வருகிறாய் என்று ஜெர்மனில் கேட்டார். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தவன், நான் எழுதியதைப் பார்த்து ‘அவுஸ்’ போட்டுச் சொன்னான். அவனுக்கு ‘ஃபொம் பான்ஹோஃப்’ என்று திருத்தம். கேள்வி ஒன்றுதான், தமிழில் இரண்டுக்கும் ‘இலிருந்து’தான், பிறகு எப்படி இரண்டு சொல்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. யாராவது கேட்டால் என் கணவர் ‘அவுஸ் ஸ்டுட்கார்ட்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வாராம். அதற்கு மேல் கேட்டால்தான் இந்தியா என்பாராம். நான் அங்கே போனால் எதைச் சொல்வது?

மொழிச்சாலை:
சென்னையில் பதினைந்து வருடமாக ஜெர்மன் சொல்லித்தருகிறேன். இந்த ‘ஃபொன்’ தவறு நம் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். ஆங்கிலத்தின் ‘ஃப்ரம்’ நாக்கில் ஊறிக்கிடக்கிறது, காதுக்கு ‘ஃபொன்’ அதுபோலவே கேட்கிறது, அதனால் கை அதற்குத்தான் போகும்.

தமிழை வைத்தே இதைப் பிடித்துக்கொள்ளலாம். ‘சென்னையிலிருந்து’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சென்னை, இல், இருந்து. ஓர் இடத்தின் உள்ளே இருந்து வெளியே வருகிறோம், அதுதான் ‘அவுஸ்’. ஆனால் ஆளைச் சொல்லும்போது நாம் ‘டாக்டரிலிருந்து’ என்று சொல்ல மாட்டோம், ‘டாக்டரிடமிருந்து’ என்போம். ஆளுக்குள்ளே யாரும் இருக்க முடியாது, அவர் பக்கத்தில்தான் இருக்க முடியும். ஜெர்மனிலும் அங்கே ‘ஃபொன்’ வரும்: ‘ஃபொம் ஆர்ட்ஸ்ட்’, டாக்டரிடமிருந்து. ‘ஃபொன்’னும் ‘டேம்’மும் சேர்ந்ததுதான் ‘ஃபொம்’. இந்த அளவுக்கு நம் மொழியும் அவர்கள் மொழியும் ஒரே வழியில் போகின்றன.

பிரிவது ஸ்டேஷன், கடைவீதி, வேலை போன்ற இடங்களில்தான். அதற்கு நான் சொல்லித்தரும் வழி, ‘எங்கே?’ என்ற கேள்விக்கு விடையை முதலில் யோசிப்பது. எங்கே இருந்தேன் என்றால் ‘இன் இண்டியென்’. ‘இன்’ வந்தால் திரும்பும்போது ‘அவுஸ்’. ஸ்டேஷனில் இருந்தேன் என்றால் ‘ஆம் பான்ஹோஃப்’, சந்தையில் என்றால் ‘அவுஃப் டேம் மார்க்ட்’, அத்தையிடம் என்றால் ‘பை மைனர் டாண்டெ’. ‘இன்’ இல்லாத இந்த இடங்களிலிருந்தெல்லாம் திரும்பி வரும்போது ‘ஃபொன்’. தீவுகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ரூகென் தீவில் இருப்பதை ‘அவுஃப் ரூகென்’ என்பார்கள், ஆகவே அந்த ஊர்க்காரர் ‘இஹ் கொமெ ஃபொன் ரூகென்’ என்பார். கிராமப்புறத்தில் வளர்ந்தவர் ‘ஃபொம் லாண்ட்’ என்பார். அதே ‘லாண்ட்’ நாடு என்ற பொருளிலும் வரும் என்பதால் இதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தைச் சொல்லும்போது மட்டும் ஊர்ப்பெயருக்கு முன்னாலும் ‘ஃபொன்’ சரி. ‘ஃபொன் சென்னை நாஹ் ஃப்ராங்க்ஃபுர்ட்’ என்றால் சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபுர்ட்டுக்கு. அது புறப்படும் இடம், சொந்த ஊர் இல்லை.

பவேரியாவாசி:
மொழிச்சாலை சார் சொன்னது புத்தக ஜெர்மன். அதைத்தான் முதலில் கற்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மியூனிக் வந்து இறங்கினால் ‘வோ கிம்ஸ்டன் ஹேர்?’ என்று கேட்பார்கள். ‘வோஹேர்’ என்ற சொல் இரண்டாக உடைந்து ‘வோ’ முன்னாலும் ‘ஹேர்’ கடைசியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பேச்சில் நாடு முழுக்க இப்படித்தான், ‘வோ கொமென் ஸீ ஹேர்?’. நான் வந்த புதிதில் ‘வோ’ மட்டும் காதில் விழுந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள் என நினைத்துத் தெருப்பெயரைச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் வரும் அந்த ‘ஹேர்’ காதில் விழும்வரை பொறுக்க வேண்டும். ஆஸ்திரியா பக்கம் போனால் ‘ஃபொன் வோ பிஸ்ட் டூ?’ என்றே கேட்பார்கள், அங்கே அது இயல்பான பேச்சு, தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கொங்குமலர், இன்னொரு முக்கியமான விஷயம். இந்தியர் என்பதற்கு ஆண் என்றால் ‘இண்டர்’, பெண் என்றால் ‘இண்டெரின்’. ஆங்கில நினைப்பில் ‘இண்டியானர்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிக்கும் சொல். சாப்பாட்டுக்கும் ‘இண்டிஷ்’ தான், ‘இண்டியானிஷ்’ இல்லை. ‘இஹ் பின் இண்டெரின்’, நடுவில் ஆங்கில ‘அன்’ போன்ற ‘ஐனெ’ எதுவும் வேண்டாம்.

எதைச் சொல்வது என்று கேட்டீர்கள். என் அனுபவம் ஒன்று. முதல் வருடம் மாடிப்படியில் கீழ் வீட்டுப் பாட்டி நிறுத்தி எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ‘அவுஸ் இண்டியென்’ என்றேன். ‘அது தெரிகிறது, அவுஸ் வெல்ஹர் ஷ்டாட்?’ என்றார், அதாவது எந்த நகரம். சென்னை என்றேன், முகத்தில் எதுவும் தெரியவில்லை. சட்டென்று ‘ஆஹ், மெட்ராஸ்!’ என்றார். 1983இல் கணவரோடு மகாபலிபுரம் வந்திருக்கிறார். மறுநாள் கதவைத் தட்டி ஒரு பழைய புகைப்பட ஆல்பத்தை நீட்டினார். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால், ஓரம் வெளிறிப்போன படம், பின்பக்கம் பென்சிலால் தேதி. அவர் கேட்டதில் ஒரு துளிகூட விலக்கம் இல்லை.

நேர்பேச்சு:
இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஊர் கேட்டால் ஊரைச் சொல்ல வேண்டியதுதான். இந்தியாவில் பிறந்தவர் இந்தியா என்று சொல்லத் தயங்குவது ஏன்? பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்ததும் எதிர் சீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியே ‘சாருக்கு எந்த ஊர்?’ தான். அதில் யாரும் காயப்படுவதில்லை.

ரூர்ப்பெண்:
நேர்பேச்சு அண்ணா, நீங்கள் ஊரைச் சொன்னால் எதிரே இருப்பவர் அதை ஏற்றுக்கொள்கிறார். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டோர்ட்முண்டில் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து 80களின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்தவர்கள். எனக்கு முதலில் வந்த மொழி தமிழ், பாலர் பாடசாலைக்குப் போன பிறகு ஜேர்மன். கேட்டால் ‘அவுஸ் டோர்ட்முண்ட்’ என்று சொல்வேன், அது உண்மை. அதற்கு வரும் பதில் ‘நைன், உர்ஷ்ப்ருங்லிஹ்?’. இல்லை, ஆதியில் எங்கே என்று. அதற்கும் டோர்ட்முண்ட் என்றால் ‘விர்க்லிஹ்?’, உண்மையாகவா என்று கேட்பார்கள். நான் பொய் சொன்னது போலாகிவிடும். என் முகத்தைப் பார்த்து அவர்கள் ஒரு விடையை முன்னமே எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த விடை என் வாயிலிருந்து வரும்வரை விடமாட்டார்கள். பஸ் தரிப்பில் ஒருமுறை, பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது ஒருமுறை, வேலை நேர்முகத்தில் ஒருமுறை. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் பிறந்த ஊரிலேயே ஐந்து வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2018இல் ஜேர்மன் தொலைக்காட்சியில் ஒரு திறமைப் போட்டி. ஐந்து வயதுச் சிறுமி மேடைக்கு வந்தாள், ஆசிய முகம். எங்கிருந்து வருகிறாய் என்று நடுவர் கேட்டதற்கு ‘ஹேர்னெ’ என்றாள். ஹேர்னெ எங்கள் ரூர் பகுதியில்தான் இருக்கிறது, டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். நடுவருக்கு அது போதவில்லை, அம்மா அப்பா, தாத்தா பாட்டி என்று கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பிள்ளைக்கு என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. 2019 தொடக்கத்தில் அந்தக் காட்சி ட்விட்டரில் பரவி, ‘ஃபொன்ஹீர்’ என்ற குறிச்சொல்லின் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கதைகளை எழுதினார்கள். அந்தக் குறிச்சொல்லுக்கு இந்த ஊர்க்காரர் என்று பொருள். நானும் அன்று இரவு எழுதினேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

உங்கள் ரயில் கேள்வியைப் பற்றியும் ஒன்று. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருடா வருடம் போவோம். அங்கே மாமிமார் என்னைக் கேட்பது ‘பிள்ளை, ஊரில எவ்விடம்?’ என்றுதான். டோர்ட்முண்ட் என்றால் சிரித்துவிட்டு ‘அது சரி, அம்மா ஊரில எவ்விடம்?’ என்பார்கள். பார்க்கப்போனால் அதே கேள்விதான். ஆனால் கோப்பாய் என்று சொன்னதும் அடுத்த வார்த்தை ‘அப்ப நீங்கள் எங்கட ஆக்கள்’ என்று வரும், கையில் ஒரு வடை வரும். பஸ் தரிப்பில் கேட்டவருக்கு நான் அதே பதிலைச் சொன்னால் ‘அப்ப எப்ப திரும்பிப் போவீர்கள்?’ என்று வரும். கேள்விக்குப் பின்னால் வருவதைத்தான் நான் பார்க்கிறேன்.

வைகைக்கரை:
ரூர்ப்பெண் சொன்னதற்கு நம் பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஊர் கேட்பதில் யாரும் காயப்படுவதில்லை என்றார் நேர்பேச்சு. எங்கள் மாவட்டத்தில் ‘எந்த ஊர்?’ என்று கேட்ட பிறகு ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்பார்கள், அதற்கும் பிறகு ‘எந்தத் தெரு?’. அந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வழி அது. மதுரையில் அறை தேடி அலைந்த காலத்தில் மூன்றாவது கேள்வியோடு திரும்பி வந்த வீடுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முதல் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வேன். மூன்றாவதற்கு இன்றுவரை சொல்வதில்லை.

நேர்பேச்சு:
தெருவரைக்கும் கேட்பார்கள் என்பது உண்மைதான். அதை நான் யோசிக்கவில்லை. ரூர்ப்பெண், தங்கச்சி, அந்தச் சிறுமி விஷயம் எனக்குத் தெரியாது, படித்ததும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கொங்குமலர் அங்கே பிறந்தவர் இல்லையே, புதிதாகப் போகிறவர். அவர் பொள்ளாச்சி என்று சொல்வதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆரேக்கரை:
நான் சுவிஸில், பேர்ண் நகரில் இருக்கிறன். வாசிச்சுக்கொண்டு வந்தன், எங்கட நாட்டு நடைமுறை ஒன்று இந்த இழைக்குப் பொருத்தமாக இருக்கும். சுவிஸ் கடவுச்சீட்டில பிறந்த இடம் இருக்காது. அதுக்குப் பதிலாக ‘ஹைமாட்ஓர்ட்’ என்று ஒன்று இருக்கும். சொந்த ஊர் என்று தமிழில எழுதலாம். அது நீங்கள் பிறந்த ஊருமில்லை, இருக்கிற ஊருமில்லை, எந்த ஊராட்சியின் குடிமகன் என்கிற கணக்கு. பரம்பரையாக வரும். கொள்ளுப்பாட்டன் காலத்து மலைக்கிராமம் ஒன்றைக் கடவுச்சீட்டில வைச்சுக்கொண்டு, அந்தப் பக்கம் ஒருநாளும் போகாத ஆக்கள் எனக்கு வேலைத்தலத்தில இருக்கினம். ஒரு காலத்தில ஒருவர் வறுமைப்பட்டால் அவரைப் பார்க்கிற பொறுப்பு அந்தச் சொந்த ஊருக்கே இருந்தது, அதனால்தான் அதை இவ்வளவு கவனமாக எழுதி வைச்சவை.

எங்கள் குடும்பம் குடியுரிமை எடுத்தது பேர்ணுக்குப் பக்கத்தில ஒரு சின்ன இடத்தில. அதனால அப்பாவின் கடவுச்சீட்டில சொந்த ஊர் என்று அந்த இடத்தின் பெயர்தான் கிடக்குது. அப்பா பிறந்தது வல்வெட்டித்துறையில. கடவுச்சீட்டு வந்த அண்டைக்கு மேசையில வைச்சு அந்த வரியில விரலை வைச்சு ரெண்டு மூன்று தரம் வாசிச்சார். ஒன்றும் சொல்லேல்லை. பிறகு யாரும் ‘ஃபோ வோ ஹுன்ஷ்?’ என்று சுவிஸ் ஜேர்மனில கேட்டால் அவர் ரெண்டு ஊரையும் சொல்லுவார், முதலில வல்வெட்டித்துறை, பிறகு இது. வல்வெட்டித்துறையைக் கேக்கிறவருக்கு வாயில வரும்வரைக்கும் சொல்லிக்குடுப்பார்.

மொழிச்சாலை:
நல்ல பதிவுகள். ஆரேக்கரை எழுதியதை அடுத்த வகுப்பில் சொல்லப்போகிறேன். நான் மொழிப் பக்கத்தைக் கொஞ்சம் முடித்துவிடுகிறேன்.

‘வோ கொம்ஸ்ட் டூ ஐகென்ட்லிஹ் ஹேர்?’ என்று கேட்டால் உடனே சங்கடப்பட வேண்டாம். ‘ஐகென்ட்லிஹ்’ என்றால் அகராதியில் ‘உண்மையில்’ என்று இருக்கும். ஆனால் முதல் கேள்வியாக வரும்போது அது நாம் பேச்சுக்கு நடுவில் ‘ஆமா, நீங்க எந்த ஊர்?’ என்கிறோமே, அந்த ‘ஆமா’ போன்றது. இப்போதுதான் ஞாபகம் வந்தது என்ற தொனி. நீங்கள் ஒரு பதிலைச் சொன்ன பிறகு அதே சொல் அழுத்தத்தோடு வந்தால்தான் ரூர்ப்பெண் சொன்ன கதை. ‘டென்’ என்று ஒரு சின்னச் சொல்லும் உண்டு. ‘வோஹேர் கொமென் ஸீ டென்?’ என்றால் கேள்வி இன்னும் இளகிவிடும், நம் ஊர்ப் பெரியவர்கள் ‘எந்த ஊர்ம்மா?’ என்று கேட்கும்போது அந்த ‘ம்மா’ செய்கிற வேலையை இது செய்யும்.

நீங்களே கேட்க வேண்டி வந்தால் ‘ஸிண்ட் ஸீ ஃபொன் ஹீர்?’ என்று தொடங்குங்கள். இந்த ஊர்தானா என்ற கேள்வி. எதிரே இருப்பவர் ஆமாம் என்று முடித்துக்கொள்ளலாம், விரும்பினால் மேலே சொல்லலாம். இங்கே ‘அவுஸ் ஹீர்’ வராது, ‘ஃபொன் ஹீர்’ மட்டுமே. புது ஆளிடம் ‘ஸீ’ (நீங்கள்), வகுப்புத் தோழரிடம் ‘டூ’ (நீ).

ஆர்ட்டிகிள், அதாவது பெயருக்கு முன்னால் ஆங்கில ‘தி’ போன்ற சொல், உள்ள நாடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், தேர்வில் கூட வருபவர் சொல்லக்கூடும்: ‘அவுஸ் டேர் ஷ்வைட்ஸ்’, ‘அவுஸ் டேர் ட்யூர்கை’, ‘அவுஸ் டேம் ஈராக்’, ‘அவுஸ் டேன் ஊஎஸ்ஆ’. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூருக்கு ஆர்ட்டிகிள் கிடையாது, அந்தக் கவலை நமக்கு இல்லை.

கொங்குமலர், பொள்ளாச்சி என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர்களுக்குப் பிடி கிடைக்காது. ‘இஹ் கொமெ அவுஸ் பொள்ளாச்சி, டாஸ் இஸ்ட் இன் டேர் நேயெ ஃபொன் கோயம்புத்தூர், இன் ஸ்யூட்இண்டியென்’ என்று சொல்லிப் பழகுங்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், தென்னிந்தியாவில். இதை ஒரே மூச்சில் சொல்ல வந்துவிட்டால் ஜெர்மனியில் முதல் வருடத்துக்கு உங்களுக்கு வேறு வாக்கியம் தேவைப்படாது. ஊரை எழுத்துக்கூட்டவும் பழகுங்கள், தேர்வில் எதையாவது எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். ஆங்கில ‘ஐ’ எழுத்து ஜெர்மனில் ‘ஈ’, ஆங்கில ‘ஈ’ எழுத்து ‘ஏ’, ஆங்கில ‘ஏ’ எழுத்து ‘ஆ’. இந்த மூன்றிலும் தடுக்கி விழாதவர் குறைவு.

கொங்குமலர்:
தேர்வு நேற்று முடிந்தது! மேசையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள், பெயர், வயது, நாடு, வசிக்கும் ஊர், மொழிகள், வேலை, பொழுதுபோக்கு என்று ஏழு சொல். ‘லாண்ட்?’ வந்ததும் மொழிச்சாலை சார் தந்த வாக்கியத்தை அப்படியே ஒரே மூச்சில் சொன்னேன். தேர்வாளர் பொள்ளாச்சியை எழுத்துக்கூட்டச் சொன்னார். ‘பே, ஓ, டோப்பெல் எல், ஆ, ட்ஸே, ஹா, ஈ’. இதை மட்டும் பஸ்ஸில் போகும்போது நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

ரூர்ப்பெண், உங்கள் பதிவைக் கணவருக்கு அனுப்பினேன். வெகு நேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டு, குடியுரிமை விழா நடந்த அன்று மாலையே டாக்ஸியில் ஒருவர் தன்னிடம் ‘உர்ஷ்ப்ருங்லிஹ்?’ கேட்ட கதையைச் சொன்னார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை. ஸ்டுட்கார்ட் என்று சொல்லி ஏன் நிறுத்திக்கொள்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

ரூர்ப்பெண்:
சந்தோஷம் அக்கா. நீங்கள் பொள்ளாச்சியைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் ஊர். அவர் ஸ்டுட்கார்ட் என்று சொல்லட்டும். யாராவது இரண்டாம் முறை கேட்டால் ‘உண்ட் ஸீ?’, அப்ப நீங்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எங்கள் ரூர் பகுதியில் பாதிப் பேருக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்கு எங்கிருந்தோ வந்த பாட்டனோ பூட்டனோ இருப்பார், பெயர்ப் பலகைகளில் போலந்துக் குடும்பப் பெயர்கள் நிறைய இருக்கும்.

கொங்குமலர்:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன், எல்லோரும் நலமா? விசா வந்து, ஸ்டுட்கார்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமை எங்கள் முறை என்பதால் மாடிப்படி கூட்டிக்கொண்டிருந்தேன், இங்கே வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செய்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் காய்கறிப் பையோடு ஏறி வந்து நின்றார். ‘வோ கொமென் ஸீ டென் ஹேர்?’ என்றார். ‘டென்’ காதில் விழுந்தது. பொள்ளாச்சி வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். தலையாட்டினார். எனக்கு ரூர்ப்பெண் ஞாபகம் வந்து ‘உண்ட் ஸீ? ஸிண்ட் ஸீ ஃபொன் ஹீர்?’ என்றேன்.

அவர் பையைப் படியில் வைத்துவிட்டார். இல்லை, ‘அவுஸ் ஸீபென்ப்யுர்கென்’ என்றார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து ‘ரூமேனியென்’ என்று சேர்த்தார். ருமேனியாவில் பல நூறு வருடமாக ஜெர்மன் பேசி வாழ்ந்த குடும்பமாம், 80களில் கிளம்பி வந்திருக்கிறார்கள். அவர் வேகமாகப் பேசியதில் பாதிதான் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் ப்ளம் மரம் இருந்தது என்பது புரிந்தது, கையை உயர்த்தி இவ்வளவு உயரம் என்று காட்டினார். எங்கள் வீட்டுப் பின்னால் தென்னை என்று சொல்ல வந்தேன், தென்னைக்குச் சொல் தெரியவில்லை, நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.

மொழிச்சாலை சார், ஸீபென்ப்யுர்கெனுக்கு ஆர்ட்டிகிள் இல்லையா? அவர் சொன்னபோது எதுவும் கேட்கவில்லை. தென்னைக்கு என்ன சொல்?

மொழிச்சாலை:
இல்லை அம்மா, ‘இன் ஸீபென்ப்யுர்கென்’, ‘அவுஸ் ஸீபென்ப்யுர்கென்’, அவ்வளவுதான். தென்னை ‘டீ கோகோஸ்பால்மெ’. ப்ளம் ‘டீ ஃப்ளாவ்மெ’, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.